பெரியவள் போட்ட கையெழுத்து

அந்த வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே சிப் டிசைன் படித்தவர்கள். யாரும் திட்டம் போட்டு இப்படிப் பொருத்தம் பார்க்கவில்லை, வந்து அமைந்துவிட்டது. மாமியாருக்கு மட்டும் இதில் தலைகால் புரியாத பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் கையில் இருக்கும் போனைச் சுட்டிக்காட்டி, இதுக்குள்ள இருக்கிறதை என் மருமகளுங்கதான் செய்யறாங்க என்பாள். கொஞ்ச நாள் முன்புவரை அந்தப் பெருமையில் பெரியவள் மட்டும்தான் இருந்தாள். இப்போது அதில் சரிபாதி சின்னவளுக்குப் போய்விட்டது. அப்படிப் போன நாளிலிருந்தே பெரியவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

பெரியவள் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். அவள் வேலைக்கு வெரிஃபிகேஷன் என்று பெயர். அடுத்தவர் வரைந்து கொடுக்கிற சிப்பில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. தப்புக் கண்டுபிடிக்கவா சம்பளம் கொடுக்கிறார்கள், வீட்டில் சும்மாவே செய்கிறாயே என்று அவள் புருஷன் கல்யாணமான புதிதில் கேலி செய்வான். அவன் கணக்குப் பிரிவில் இருக்கிறவன், அவனுக்கு அதற்கு மேல் தெரியாது. மகள் பிறந்ததும் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வேலையை விட்டாள். ஒன்று ஏழாகிவிட்டது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, பல் விழுந்து, புதுப் பல்லும் முளைத்துவிட்டது. பெரியவள் இன்னும் வீட்டில்தான் இருந்தாள்.

அவளிடம் ஒரே ஒரு பெருமை பத்திரமாக இருந்தது. பழைய ஆபீசில் ஒரு சிப் தொழிற்சாலைக்குப் போகவிருந்த கடைசி வாரத்தில், எல்லோரும் சரி என்று சொல்லிவிட்ட இடத்தில், அவள் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். சாதாரணத் தப்பில்லை. சோதனையில் தெரியாது, ஆயிரத்தில் ஒரு தடவை வரும், அதுவும் வாங்கினவன் கைக்குப் போன பிறகுதான் வரும். அன்றைக்கு அந்த மாடி முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. வீட்டில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நல்லது என்பார்கள், பிறகு சாதம் போடு என்பார்கள். அதனால் ரெஸ்யூமில் இரண்டு வரியாக எழுதிவைத்ததோடு சரி.

சின்னவள் இந்த வீட்டுக்கு வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. வேறு ஊரில் மூன்று வருஷம் வேலை பார்த்து, கல்யாணத்துக்காக விட்டுவிட்டு வந்தவள். வந்த நாளிலிருந்து வாய் நிறைய அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பாத்திரம் துலக்கினாலும் பக்கத்தில் நிற்பாள், துணி மடித்தாலும் பக்கத்தில் உட்காருவாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாது. தப்புக் கண்டுபிடித்தே பழகினவளுக்கு அதுவே ஒரு எரிச்சல்.

ஊரின் மறுகோடியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இருந்த கம்பெனி, வெரிஃபிகேஷனுக்கு ஆள் எடுக்கிறது என்று முதலில் பார்த்தது பெரியவள்தான். ஒரே ஒரு இடம். பார்த்ததும் விண்ணப்பித்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டாள். அக்கா, நானும் போடட்டுமா என்று சின்னவள் கேட்டாள். எல்லோரும் பெரியவள் முகத்தைப் பார்த்தார்கள். அதுக்கென்ன, தாராளமா போடேன் என்றாள். வாய்தான் சொன்னது.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் இண்டர்வியூ வந்தது.

அதன் பிறகு சாப்பாட்டு மேஜை மேஜையாக இல்லை. பெரியவளின் மகள் படம் வரைகிற வெள்ளைப் பலகையைச் சுவரில் சாய்த்துவைத்து, இரண்டு பேரும் மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொண்டார்கள். ஒழுங்குமுறையை ஏற்படுத்தினது பெரியவள். அவள் ஆபீசில் ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் முழுக்கப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எதுவும் அடுத்த கட்டத்துக்குப் போகாது. சிப் தொழிற்சாலைக்குப் போய்விட்டால் பிறகு அழிக்க ரப்பர் கிடையாது. இங்கேயும் அப்படித்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒருத்தி பலகையில் வரைய வேண்டும், மற்றவள் பார்க்க வேண்டும், சரியாக இருந்தால் மூலையில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்தால் அந்தக் கேள்வி முடிந்தது, பிறகு அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பெரியவள் பதில் சொல்கிற விதம் ஒன்று. பலகையை வெறித்துப் பார்த்தபடி பேசாமல் இருப்பாள், பிறகு ஒரே மூச்சில் வரைந்து முடிப்பாள். சின்னவள் அப்படியில்லை. இருங்க, இருங்க என்பாள். வாய்விட்டு யோசிப்பாள். தப்பாக ஒரு கோடு போட்டு, அட என்று தானே சிரித்து, துணி பக்கத்திலேயே இருந்தாலும் உள்ளங்கையால் துடைப்பாள். ஒரு மணி நேரத்தில் கையெல்லாம் கரி பிடித்தவள் மாதிரி ஆகிவிடுவாள். இப்படி உளறிக்கொட்டிக்கொண்டு இண்டர்வியூவில் உட்கார்ந்தால் இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள் என்று பெரியவள் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

அந்த நிம்மதி நாலு நாள்கூட நிலைக்கவில்லை. ஒரு சாயங்காலம் போக்குவரத்து விளக்கு மாறுகிற சர்க்யூட்டை வரையச் சொன்னது சின்னவள். பெரியவள் வழக்கம்போல ஒரே மூச்சில் வரைந்து முடித்துவிட்டு மார்க்கரை மூடினாள். சின்னவள் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இந்த ரெண்டு கட்டமும் ஒரே வேலையைத்தானே செய்யுது அக்கா, சேர்த்துடலாமே என்றாள். சேர்த்துக் காட்டினாள். சேர்ந்தது. சர்க்யூட் சின்னதாக, அழகாக ஆகிவிட்டது. டீ எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன பெரியவளின் புருஷன், பலகையில் இருப்பது கோலமா கணக்கா என்றுகூடத் தெரியாதவன், நின்று பார்த்துவிட்டு, சின்னவ கெட்டிக்காரிதான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

போகிறவன் பேசாமல் போயிருக்கலாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து அவன் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பொறுப்பானவள் என்றிருக்கிறான், சிக்கனமானவள் என்றிருக்கிறான். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. தூக்கம் போதாத அலுப்பு என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு எல்லாமே கண்ணை உறுத்தியது. மாமியார் சின்னவளுக்கு மட்டும் பால் சூடாக்கிக் கொடுத்தது உறுத்தியது. படிக்கிற பொண்ணு, உடம்பு கெட்டுடும் என்றாளாம். அப்படியானால் பெரியவள் மட்டும் என்ன, பாக்கு வெட்டிக்கொண்டா இருக்கிறாள்? பெரியவள் குழாயை வேண்டியதற்கு மேல் இறுக்கி மூடினாள். அடுத்த நாள் காலையில் அதைத் திறக்க முடியாமல் தானே கஷ்டப்பட்டாள். மகள்கூட, சித்தி சொல்லித் தந்தா சீக்கிரம் புரியுதும்மா என்று வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு சின்னவள் அறைக்கு ஓடினாள். பெற்ற பிள்ளையையும் சேர்த்து வளைத்துப் போட்டுக்கொண்டாள் என்று பெரியவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்கு அவளே வெட்கப்பட்டாள். ஆனால் தோன்றாமல் இருக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தக் கேள்வி வந்தது.

கேள்வி என்னவோ எல்லா இண்டர்வியூவிலும் கேட்பதுதான். சிப்புக்குள் இரண்டு பகுதிகள், இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் ஓடுகின்றன. நடுவில் ஒரு தொட்டி. இந்தப் பகுதி அதில் தகவலை நிரப்பும், அந்தப் பகுதி எடுத்துக்கொள்ளும். இதுவரை எத்தனை நிரப்பியாகிவிட்டது என்கிற எண்ணை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எப்படி?

சின்னவள் யோசித்து, துடைத்து, திரும்ப வரைந்தாள். எண்ணில் நாலு பிட், ஒவ்வொன்றும் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ இருக்கும். ஒவ்வொரு பிட்டுக்கும் வழியில், அதைக் கொஞ்சம் பிடித்துவைத்து விடுகிற ஃப்ளாப் இரண்டு போட்டு நிதானப்படுத்தி அந்தப் பக்கம் அனுப்பிவிட்டால் ஆயிற்று என்றாள்.

பெரியவள் பார்த்தாள். பார்த்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒற்றை பிட் என்றால் அது சரி. நாலு பிட் சேர்ந்த எண்ணுக்கு அது பெரிய தப்பு. ஏழு எட்டாக மாறும்போது நாலு பிட்டும் ஒரே நேரத்தில் புரளும். நாலு பேர் ஒரே சமயத்தில் எழுந்து நாற்காலி மாறும்போது போட்டோ எடுத்த மாதிரி, அந்தப் பக்கத்துக் கடிகாரம் பாதி மாறினபோது எட்டிப் பார்த்தால் ஏழும் இருக்காது, எட்டும் இருக்காது, சம்பந்தமே இல்லாமல் பதினைந்து என்றோ பூஜ்யம் என்றோ படிக்கும். ஒரு நேரத்தில் ஒரு பிட் மட்டுமே மாறுகிற மாதிரி எண்ண வேண்டும். அதற்கு கிரே கோட் என்று பெயர். அவள் பழைய ஆபீசில் கடைசி வாரத்தில் கண்டுபிடித்தது அச்சு அசலாக இதே தப்பைத்தான், மாடியே எழுந்து நின்று கைதட்டியதும் இதற்குத்தான்.

"இது ஒண்ணுதான் அக்கா எனக்கு உறுதியா இல்ல. நல்லாப் பார்த்து சொல்லுங்க," என்றாள் சின்னவள்.

உள்ளே மாமியார் யாரிடமோ போனில், சின்னவ ராத்திரி பகலா உட்கார்ந்து படிக்கிறா, அவளுக்குக் கிடைச்சிடும் பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவள் பலகையை இன்னொரு தடவை பார்த்தாள். மார்க்கரை வாங்கினாள்.

"ம், சரி," என்றாள். மூலையில் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு ராத்திரி பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டுப் படுத்தாள். நாளைக்குக் காலையில் சொல்லிவிடலாம், சரியாகப் பார்க்கவில்லை, மறுபடி யோசித்தேன், தப்பாக இருக்கிறது என்று சொன்னால் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். காலையில் சொல்லத்தான் போனாள். மாமியார் சின்னவளுக்கு இண்டர்வியூவுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவளைப் பார்த்ததும், உனக்கென்னம்மா, நீ ஏற்கனவே பெரிய ஆபீஸ்ல இருந்தவ, உன் துணியை நீயே பார்த்துப்பே என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அது பாராட்டாகக் கேட்கவில்லை. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டாள்.

இண்டர்வியூ நாளன்று இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனார்கள். கண்ணாடிக் கட்டடத்தின் லிஃப்டில் வேறு யாரும் இல்லை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பெரியவள் தொண்டையைச் செருமினாள். அதற்குள் சின்னவள் அவள் கையைப் பிடித்தாள்.

"எனக்குக் கெடைக்கலைன்னாலும் பரவால்ல அக்கா. உங்களுக்குக் கெடைச்சா போதும். நீங்க எவ்வளவு நாளா காத்திருக்கீங்க."

மனசாரச் சொன்னதுதான். அது பெரியவளுக்கும் தெரியும். தெரிந்தே அவளுக்கு உச்சி முதல் பாதம்வரை பற்றிக்கொண்டு வந்தது. இவள் விட்டுக்கொடுத்து நான் வாங்கவா, என் மேல் பரிதாபப்படுகிற அளவுக்கு வந்துவிட்டாளா? லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. பெரியவள் கையை விடுவித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

முதலில் சின்னவளைக் கூப்பிட்டார்கள். இண்டர்வியூ அறைக்கும் கண்ணாடிச் சுவர்தான், சத்தம் கேட்காது, உருவம் தெரியும். உள்ளே கேள்வி கேட்கிறவள் பெரியவள் வயதுதான் இருப்பாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருந்தாள். தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பலகையில் வரைந்தாள். தொட்டியை வரைந்தாள். அந்தப் பெண் தலையாட்டி ஏதோ கேட்டாள். சின்னவள் நின்றாள். கையை விரித்து ஏதோ சொன்னாள், வெளியே இருந்த பெரியவளைத் திரும்பிக் காட்டி இன்னும் ஏதோ சொன்னாள். பிறகு இருங்க, இருங்க என்று அவள் வாய் அசைந்தது. உள்ளங்கையால் துடைத்தாள். எழுதினாள், துடைத்தாள், எழுதினாள். திடீரென்று இரண்டு பேரும் சிரித்தார்கள். கேட்கிறவள் எழுந்து நின்று பலகையைப் பார்த்தாள்.

வெளியே வந்த சின்னவளின் கை கறுப்பாக இருந்தது. "அக்கா, அந்தக் கேள்விதான் கேட்டாங்க. நாம ரெண்டு பேருமே தப்பா..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் வரவேற்பில் இருந்த பெண், உள்ளே போகிறவர்களோடு பேசக் கூடாது என்று தடுத்துவிட்டாள். பெரியவள் உள்ளே போனாள்.

கேட்கிறவள் நல்ல மாதிரியாகப் பேசினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். உங்க ஓரகத்தியோட பேசினது சந்தோஷமா இருந்தது என்றாள். முதலில் தப்பாகச் சொன்னாராம், எங்கே இடிக்கிறது என்று கேட்டதும், தானே யோசித்து ஒரு நேரத்தில் ஒரு பிட் மட்டும்தான் மாற வேண்டும் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தாராம். இப்படி யோசிக்கிறவர்களைப் பார்ப்பது அபூர்வம் என்றாள். அப்புறம் பெரியவளின் ரெஸ்யூமை எடுத்து முன்னால் வைத்து, அந்த இரண்டு வரிமேல் விரலை வைத்தாள்.

"அவங்க சொன்ன தப்பான பதிலை நீங்க பார்த்து, சரின்னு கையெழுத்துப் போட்டீங்கன்னு சொன்னாங்க. அவங்களுக்கு உங்க மேல அவ்வளவு நம்பிக்கை, அதனால நான் தப்புன்னு சொன்னதை முதல்ல ஒத்துக்கவே இல்ல. ஆனா இங்க, இதே தப்பை நீங்க ஒரு தடவை கண்டுபிடிச்சதா எழுதியிருக்கீங்க. எனக்கு ரெண்டும் சேரமாட்டேங்குது. எது சரி?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள். அவளும் தப்புக் கண்டுபிடிக்கிறவள்தானே, இரண்டு விஷயம் ஒத்துப்போகாத இடத்தில் கை தானாகப் போய் நிற்கும்.

பெரியவளுக்கு முன்னால் இரண்டே வழிதான் இருந்தது. ரெஸ்யூம் உண்மை என்றால், தெரிந்தே கையெழுத்துப் போட்டாள் என்று ஆகும். ஏன் போட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலை அவள் இதுவரை தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. அவள் மேல் எனக்குப் பொறாமை என்று சொல்வதும், அவள் என்னைவிட மேல் என்று சொல்வதும் ஒன்றுதான். அதை இந்த நாற்காலியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்வதற்கு அவள் நாக்கு புரளவில்லை. நாளைக்கு அது சின்னவள் காதுக்குப் போகும், புருஷன் காதுக்குப் போகும், மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது?

அவள் நிமிர்ந்தாள். கேட்கிறவளின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். பெரியவள் கேள்வியில் மாட்டிக்கொண்டு தவிக்கிறாள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. வரவேற்புப் பெண்ணுக்குத் தெரியாமல், நெஞ்சோடு சேர்த்து, ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒண்ணு, ஒண்ணு என்று வாயசைத்தாள். ஒரு நேரத்தில் ஒரு பிட். இப்போதுதான் கற்றுக்கொண்ட பதிலைத் தனக்குப் போட்டியாக உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்குக் கண்ணாடி வழியாகக் கடத்திக்கொண்டிருந்தாள்.

பெரியவள் பார்வையை ரெஸ்யூமுக்குத் திருப்பினாள்.

"அது எங்க டீம்ல கண்டுபிடிச்சதுங்க. நான் கூட இருந்தேன். முழுசா எனக்கு அப்போ புரியல," என்றாள்.

கேட்கிறவள் அந்த இரண்டு வரிமேலிருந்து விரலை எடுத்தாள். பரவாயில்லை, நிறைய பேர் டீம் செய்ததைத் தங்கள் பெயரில் எழுதுவதுதான் என்று மரியாதையாகச் சொன்னாள். அதன் பிறகு கேட்டதெல்லாம் காலேஜ் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விகள். பெரியவள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். கேட்கிறவள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

மாடியே எழுந்து நின்று கைதட்டிய அந்த நாளை அவள் தன் வாயாலேயே இல்லை என்று சொல்லிவிட்டாள். வேலை போனதைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். சின்னவள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு, அவள் தோளில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாளில் சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று போன் வந்தது. மாமியார் அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பெரியவளின் புருஷன் கேக் வாங்கிவந்தான். பெரியவளும் சிரித்துக்கொண்டே வெட்டி எல்லோருக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஓரத்துத் துண்டைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். மனசு விட்டு வாழ்த்த வேண்டும் என்று ஆசைதான். வாய்வரை வந்தது வாழ்த்தா வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தட்டுகளை எடுத்துவைத்தபோது சின்னவள் அவளைக் கையைப் பிடித்து மேஜைக்கு முன்னால் உட்காரவைத்தாள். அடுத்த இண்டர்வியூ வருவதற்குள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொண்டுவிடுங்கள் அக்கா, இது தெரியாததால்தான் உங்களுக்குப் போய்விட்டது, என் தப்பும்தான் அது, உங்களைக் குழப்பிவிட்டேன் என்றாள். கண் கலங்கியிருந்தது அவளுக்கு. நாலு டம்ளர்களைக் கொண்டுவந்து வரிசையாகக் கவிழ்த்துவைத்தாள். கவிழ்ந்திருந்தால் பூஜ்யம், நிமிர்ந்திருந்தால் ஒன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு டம்ளரைத்தான் புரட்டலாம், அதுதான் விதி என்று ஆரம்பித்தாள்.

பெரியவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்குத் தலைகீழாகத் தெரிந்த பாடத்தை முதல் தடவை கேட்கிற முகத்தோடு கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. சமையலறையிலிருந்து மாமியார், சின்னவ சொல்றதை நல்லாக் கவனிம்மா என்று குரல் கொடுத்தாள். பெரியவள் தலையாட்டினாள்.

பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று சின்னவள் ஒவ்வொரு டம்ளராகப் புரட்டிக்கொண்டே வந்தாள். ஐந்துவரை சரியாக வந்தது. முதல் டம்ளர் கவிழ்ந்தும் மற்ற மூன்றும் நிமிர்ந்தும் இருந்தன. ஆறுக்கு அவள் கடைசி டம்ளரைக் கவிழ்த்தாள். அது தப்பு. அப்படிச் செய்தால் திரும்ப நாலுதான் வரும்.

பெரியவளின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. அவள் அவிழ்க்கவில்லை, ஆறு வருஷப் பழக்கம் அவிழ்த்தது. கடைசி டம்ளரை எடுத்துப் பழையபடி நிமிர்த்திவைத்தாள். மூன்றாவதைக் கவிழ்த்தாள், ஆறு. கடைசியைக் கவிழ்த்தாள், ஏழு. முதலாவதை நிமிர்த்தினாள், எட்டு. நிமிர்த்திய பிறகுதான் தன் கை மேஜைமேல் இருப்பதைப் பார்த்தாள். டம்ளரை விட்டுவிட்டுக் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

சின்னவள் டம்ளர்களைப் பார்த்தாள். விரல்விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்திருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தாள். இரண்டு ஃப்ளாப் போட்ட அந்தப் படம் இன்னும் அதில் இருந்தது, மூலையில் பெரியவளின் கையெழுத்தும் அழியாமல் இருந்தது. வாய்விட்டு யோசிக்கிறவள் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ஆனால் யோசிக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. எங்கே வந்து சேரப்போகிறாள் என்பதும் பெரியவளுக்குத் தெரிந்தது. தடுக்க வழியில்லை.

"உங்களுக்கு இது தெரியும்," என்றாள் சின்னவள். அக்கா என்று சொல்லவில்லை.

"ம்," என்றாள் பெரியவள்.

பேச்சு நின்றுபோனதைக் கவனித்த மாமியார், சமையலறையிலிருந்தே, பெரியவளுக்குப் புரியலை போலிருக்கு, இன்னொரு தடவை பொறுமையா சொல்லிக் குடும்மா என்றாள்.

சின்னவள் நாலு டம்ளர்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். எழுந்து நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

"வேண்டாம் அத்தை. அவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.